உலகநாயகி மிஸ்ஸோட பானை

ஏட்டி, தள்ளி உக்காரு. அந்த மூலை என் இடம். ஏழு புதன்கிழமையா நான்தான் அங்கன உக்காந்து செவுத்துல சாஞ்சுக்கிட்டுக் கிடக்கேன். பாத்தியா, செவுத்துல எண்ணெ வட்டம்? என் தலைதான் அது.

புதுசா? எந்த கிளாஸு? ஒம்பது பி-யா. பேரு என்ன? இசக்கிபிரியா. எதுக்கு அனுப்புனாவ உன்னைய? என்னது, காம்பஸ வச்சுக் குத்துனியா! எங்க, தொடையிலயா? நல்லா வேணும் அவளுக்கு. சும்மாவா குத்துவே, அவ என்னமும் சொல்லியிருப்பா. வேண்டாம், என்கிட்ட சொல்லாத. உள்ள மேடம்கிட்டயும் சட்டுன்னு சொல்லிராத. கொஞ்சம் கெஞ்ச வச்சுச் சொல்லணும்.

கவுன்சிலர் மேடம் மோசமில்ல. அஞ்சு மூஞ்சி வரைஞ்ச அட்டை ஒன்னு வச்சிருப்பாவ. "இன்னைக்கு நீ எந்த மூஞ்சிம்மா?"ன்னு கேப்பாவ. நான் மொத நாளே சொல்லிட்டேன். "என் மூஞ்சி இதுல இல்ல மேடம். பல்லக் கடிச்ச மாதிரி ஆறாவதா ஒன்னு வரைங்க"ன்னு. எழுதிக்கிட்டாவ. நீ தும்முனாக்கூட எழுதிக்கிடுவாவ.

இப்ப கூப்பிட மாட்டாவ, உள்ள ஆள் இருக்கு. யாரு தெரியுமா? என் முத்துக்கனி. அவளும் அவ அம்மையும். பன்னெண்டு ஏ, என் பெஞ்சு, ஆறாங் கிளாஸ்லேர்ந்து என் பக்கத்துலதான் உக்காருவா. மூணு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் ஸ்கூலுக்கு வந்திருக்கா. பொதுப்பரீட்சைக்குப் பேரு அனுப்ப நாளைதான் கடைசி நாள். இன்னைக்கு அவ உள்ள கையெழுத்துப் போட்டா பரீட்சை எழுதலாம். போடலன்னா அவ அப்பா தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்கு அனுப்பிருவாரு, சொல்லிட்டாரு. போடுவா. போடாம? இவ்ளோ செஞ்சிருக்கேன் நான் அவளுக்காக!

நீ உலகநாயகி மிஸ்ஸப் பாத்திருப்பேல்லா? ஆறாங் கிளாஸுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருக்கால்லா, மூக்குல கண்ணாடி தொங்குமே, அவதான். இருவது வருசமா பன்னெண்டாங் கிளாஸுக்குக் கணக்கு எடுத்தவ. அவள ஆறாங் கிளாஸுக்கு இறக்குனது யாரு? இந்தா, உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். செண்பகவல்லி. பேர நல்லா ஞாபகம் வச்சுக்க.

ஜூன் மாசம் ஆரம்பிச்சது. போர்டுல ஒரு கணக்குப் போட்டா. மூணாவது வரியில மைனஸ விட்டுட்டா. நான் எந்திரிச்சு, "மிஸ், மைனஸக் காணோம்"ன்னேன். தப்பா? நீயே சொல்லு, தப்பா அது? "உக்காரு"ன்னா. "மைனஸப் போடுங்க, உக்காருதேன்"ன்னேன். கிளாஸே சிரிச்சிட்டு. போட்டா. போட்டுட்டு மெதுவாத் திரும்பி, "கண்ணு இவ்ளோ நல்லா தெரியுதே, அப்போ காலும் நல்லாத்தான் இருக்கும். நாளையிலேர்ந்து ஒரு மாசம் என் பானைக்கு நீதான் தண்ணி எடுக்கணும்"ன்னா.

அந்தப் பானையப் பத்தி உனக்குத் தெரியாது. ஸ்டாஃப் ரூம் ஜன்னல்கிட்ட மணலக் குமிச்சு அது மேல ஒரு மண்பானை. உள்ள வெட்டிவேர் முடிச்சு. ஸ்கூல் டேங்க் தண்ணியெல்லாம் அம்மா வாயில வைக்க மாட்டாவ. ஆபீஸ் மாடியில ஆர்.ஓ. மிஷின் இருக்குல்லா, அதுல குடத்துல பிடிச்சுக் கொண்டாந்து ஊத்தணும். அதுல ஒரு கூத்து கேளு. தினமும் காலையில பத்து மார்க்குக்கு டெஸ்ட் வைப்பா. பத்துக்குப் பத்து எடுத்தா பரிசு. என்ன பரிசு? அந்தப் பானையிலேர்ந்து ஒரு டம்ளர் தண்ணி! ஆமாட்டி, தண்ணி! பேனா இல்ல, சாக்லேட் இல்ல. சின்னதா ஒரு பித்தளை டம்ளர். கிளாஸுக்கு முன்னால நின்னு குடிக்கணும், நாங்க எல்லாம் கை தட்டணும். முத்துக்கனி அத ரெண்டு கையாலயும் வாங்குவா பாரு, கோயில்ல தீர்த்தம் வாங்குற மாதிரி. கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பா. அநேகமா தினமும் அவதான். முன் பெஞ்சுல இன்னும் மூணு பேரு அப்பப்ப. எனக்கு ஒரு நாளும் கிடைக்கல. எனக்கு ஒம்பதரை போடுவா. "வழிமுறை தெளிவில்ல"ன்னு அர மார்க்கப் பிடிச்சிருவா. எனக்கு அந்தத் தண்ணி வேண்டவும் வேண்டாம், அது வேற விசயம்.

மூணு நாள் மாடியேறுனேன். முப்பத்தெட்டுப் படி, இடுப்புல குடம், ஏறும்போது எட்டாங் கிளாஸுக் குட்டியெல்லாம் நின்னு வேடிக்க பாக்கு. "அக்கா, உங்க வீட்டுக்குப் பைப்பு இல்லையா?"ன்னு ஒருத்தி கேக்கா. நாலாவது நாள் நான் ஏறல. கக்கூஸுக்குப் பின்னால ஒரு பழைய கிணறு இருக்குல்லா, செம்பருத்திக்கு ஊத்த அதுலேர்ந்து ஒரு பைப்பு வருமே, அங்கன போயி நின்னேன். குடத்தப் பிடிச்சேன். பாத்தா தண்ணி தண்ணி மாதிரிதான் இருக்கு. கொண்டு போயி ஊத்துனேன். வெட்டிவேர் வாசத்துல ஒன்னும் தெரியல. அவ ஒரு டம்ளர் மொண்டு குடிச்சிட்டு, "ஆகா, இன்னைக்குத்தான் சில்லுன்னு இருக்கு"ன்னா. நான் வராண்டாவுல போயி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன் பாரு, விக்கலே எடுத்துட்டு.

அதுக்கப்புறம் நான் எதுக்கு மாடியேறுதேன்? தினமும் அந்தப் பைப்புதான். ஒரு மாசம் முடிஞ்சுது. நானே போயி, "பரவால்ல மிஸ், நானே எடுக்கேன்"ன்னேன். பிள்ள திருந்திட்டுன்னு நெனச்சிட்டா. ஸ்டாஃப் ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கா, கோட்டிக்காரி.

சிரிக்காத, மேடத்துக்குக் கேக்கும்.

ஆகஸ்ட்ல முத்துக்கனிக்கு உடம்பு கெட்டுப் போச்சு. மொதல்ல ஏப்பம். அழுகுன முட்ட மாதிரி ஏப்பம். பக்கத்துல உக்காந்திருக்க எனக்கே கொமட்டும். அப்புறம் வயித்தால போக ஆரம்பிச்சுது. ஒரு நாள் நல்லாருப்பா, மறுநாள் மூஞ்சி வெளிறி வருவா. பீரியடுக்கு ரெண்டு தடவ மூணு தடவ எந்திரிப்பா. முன் பெஞ்சு மூணு பேருக்கும் அதே கததான். படிக்கிற பிள்ளேல்களுக்கா பாத்து வருதேன்னு நெனச்சேன். ராவும் பகலும் படிச்சா உடம்புல என்ன தெம்பு இருக்கும்? உலகநாயகியும் பாதிக் கணக்குல சாக்பீஸ வச்சிட்டு ஓடுவா. பத்து நிமிசம் கழிச்சு வந்து, விட்ட எடத்துலேர்ந்து ஏசுவா. அவளுக்கு என்ன, டீச்சர் கக்கூஸு தனி, சாவி கைப்பையில. எங்களுக்கு? ஒரு பீரியடுக்கு ஒருத்திதான் வெளிய போவணும். அவ போட்ட சட்டம்.

ஒரு வியாழக்கிழம. முத்துக்கனி கையத் தூக்குனா. "உக்காரு." திரும்பத் தூக்குனா. "இப்பத்தான போனே? நடிக்காத." மூணாவது தடவ கையத் தூக்கல அவ. என் கையப் பிடிச்சா. நகம் உள்ள இறங்கிட்டு, இந்தா, தழும்பு இன்னும் இருக்கு. எனக்கு வந்துது பாரு கோவம்! எந்திரிச்சிட்டேன். "அவள விடுங்க மிஸ்"ன்னேன். "நீ யாரு அவளுக்கு வக்கீலா?"ன்னா. "வக்கீல் வேண்டாம், மனுசத்தன்மை இருந்தா போதும்"ன்னேன். "என்ன சொன்னே?"ன்னு வாசலுக்கும் எங்களுக்கும் நடுவுல வந்து நின்னுக்கிட்டா. விட்டேனா? அவ ஒன்னு சொன்னா நான் ரெண்டு சொன்னேன். ஜூன் மாசத்து மைனஸ்லேர்ந்து ஆரம்பிச்சு அர மார்க்கு வரைக்கும் எல்லாத்தையும் கேட்டேன். அஞ்சு நிமிசம் இருக்கும். அன்னைக்கு நான் பேசுன மாதிரி என்னைக்கும் பேசினதில்ல. முத்துக்கனி என் துப்பட்டாவ இழுத்துக்கிட்டே இருந்தா. "இரு ஏட்டி, பேசிக்கிட்டு இருக்கேன்லா"ன்னேன். பின் பெஞ்சுல ஒருத்தி சிரிச்சா. திரும்பிப் பாக்கேன், முத்துக்கனி குனிஞ்சு உக்காந்திருக்கா. பெஞ்சுலேர்ந்து கீழ சொட்டுது.

அதுக்கு மேல கேக்காத.

என் துப்பட்டாவச் சுத்தி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். வாசல்லயே என்னைய விட்டுட்டு உள்ள போயிட்டா அவ. மறுநாள் வரல. அதுக்கு மறுநாளும் வரல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். உலகநாயகிய இந்த ஸ்கூல்ல தல நிமிந்து நடக்க விடமாட்டேன்னு.

மறுவாரம் பாரு, ஒரு ஃபாரம் வந்துச்சு. பிள்ளேல்களுக்கு மனசுல, நடத்தையில என்ன சிக்கல்னு கண்டுபிடிக்க ஃபாரமாம். பதினாலு கேள்வி, டீச்சர் டிக் போடணும். முத்துக்கனி ஃபாரத்துல உலகநாயகி போட்டது நாலு டிக். "அமைதியின்மை." "கவனக் குறைவு." "அடிக்கடி வகுப்பை விட்டு வெளியேறுதல்." "பள்ளிக்கு வர மறுத்தல்." ஏட்டி, வயித்தால போற பிள்ளைக்கு அமைதி எங்கேருந்து வரும்? வயித்துவலிக்குன்னு அந்த ஃபாரத்துல ஒரு கட்டமே கிடையாது! எனக்குப் பதிமூணு டிக். பதினாலாவது, "அடிக்கடி அழுதல்". அதுக்கு மட்டும் இல்லன்னு போட்டிருந்தா. அம்புட்டு நேர்ம.

நான் சும்மா இருப்பேனா? ஆபீஸ்ல ஒரு வெத்து ஃபாரம் எடுத்தேன். பேரு: உலகநாயகி. அடிக்கடி வகுப்பை விட்டு வெளியேறுதல்: ஆம். காரணமின்றி எரிச்சல்: ஆம். தன் தவற்றை ஒப்புக்கொள்ள மறுத்தல்: ஆம், மைனஸ் பார்க்கவும். பதினாலையும் நிரப்பி நோட்டீஸ் போர்டுல ஒட்டுனேன். அதுக்குத்தான் எனக்கு எட்டு புதன்கிழம இந்தக் கவுன்சிலிங்.

ஆனா அது பத்தாது. சிரிச்சிட்டுப் போயிருவாவ. எங்க தெருவுல நஸ்ரின் அக்கான்னு ஒருத்தி. காலேஜுல தண்ணியில இருக்க ஒட்டுண்ணியப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதா. முத்துக்கனி ஏப்பத்தச் சொன்னதுமே, "இது ஜியார்டியாங்கிற ஒட்டுண்ணி மாதிரி இருக்குடி. மொதல்ல அவள டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு. தண்ணியையும் கொண்டா, பாப்போம்"ன்னா. ஸ்கூல் டேங்க் தண்ணிய ரெண்டு கேன்ல தூக்கிட்டுப் போனேன். டேங்க் தண்ணியில இருக்குன்னு நிரூபிச்சா, அதக் குடிக்க வச்சுட்டு வெளியவும் விடாம பூட்டி வச்சது உலகநாயகின்னு சொல்லலாம்லா.

நஸ்ரின் அக்கா அத வடிகட்டி, மிஷின்ல சுத்தவிட்டு, அடியில தங்குன வண்டல ஒரு சொட்டு எடுத்து, அதுல செவப்புச் சாயம் கலந்து கண்ணாடியில வச்சா. மைக்ராஸ்கோப்புல என்னையப் பாக்கச் சொன்னா. முட்ட வடிவத்துல சின்னச் சின்னக் கூடு. அதுக்குள்ள அந்த ஒட்டுண்ணி சுருண்டு கிடக்குமாம். "இருக்குக்கா! இருக்கு!"ன்னு குதிச்சேன். "என்ன கலர்ல இருக்கு?"ன்னா. செவப்பு. "அப்ப எல்லாம் செத்தது. செத்ததுக்குள்ளதான் சாயம் போகும். உசுரோட இருந்தா உள்ள விடாது, வெள்ளையாவே இருக்கும். உங்க ஸ்கூல் ஆயா ப்ளீச்சிங் பவுடர் நல்லாவே போட்டிருக்கா. செத்தது யார் வயித்தையும் ஒன்னும் பண்ணாது"ன்னா. எனக்கு அழுகையே வந்துட்டு. செத்துத் தொலைஞ்சிருக்கே சவம்! ஒன்னே ஒன்னு உசுரோட இருக்கக் கூடாதா? ஆர்.ஓ. தண்ணியும் கொண்டு போனேன். அதுல செத்ததுகூட இல்ல. சுத்தம்.

அப்ப நஸ்ரின் அக்கா கேட்டா. "உடம்பு சரியில்லாத நாலு பேரும் வேற எங்கயாச்சும் ஒன்னாத் தண்ணி குடிப்பாவளா?" எனக்குப் பளிச்சுன்னு வெளிச்சம் அடிச்ச மாதிரி இருந்துச்சு. பானை! உலகநாயகி பானை! இத்தனை நாளா கண்ணு முன்னாலயே இருந்திருக்கு!

சண்ட போட்டாலும் தண்ணி எடுக்கத நான் விடல. மறுநாள் காலையில எப்பவும் போல குடத்தப் பிடிச்சுப் பானைய நெறச்சேன். மத்தியானம் அந்தப் பானையிலேர்ந்து ஒரு கேன் எடுத்துட்டு சைக்கிள்ல பறந்தேன். அக்கா சாயத்தப் போட்டா. பாத்தா... ஏட்டி, இருவத்தி மூணு! செவப்பே ஏறல! பளபளன்னு வெள்ளையா, உசுரோட! இருவத்தி மூணையும் நான்தான் எண்ணுனேன். என் வாழ்க்கையில அவ்ளோ சந்தோசமா நான் எதையும் எண்ணுனதில்ல. அக்கா, "இந்தப் பானைக்குத் தண்ணி எங்கேருந்துடி வருது?"ன்னா. "அது மிஸ்ஸோட பானக்கா, அவங்களத்தான் கேக்கணும்"ன்னேன். பொய்யா? மிஸ்ஸோட பானைதான அது? ரிப்போர்ட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா.

பெற்றோர் கூட்டத்துல எந்திரிச்சு வாசிச்சேன். எச்.எம். தடுத்தாவ. நான் நிறுத்தல. "பரிசுன்னு சொல்லி பிள்ளேல்களுக்கு இதத்தான் கொடுத்திருக்காவ"ன்னேன். கூட்டம் கொதிச்சுப் போச்சு. முத்துக்கனி அப்பா எந்திரிச்சு ஸ்டாஃப் ரூமுக்கே போயி பானையத் தூக்கிட்டு வந்து முத்தத்துல போட்டு ஒடச்சாரு. உலகநாயகி பின்னாலயே ஓடி வந்தா. "அது ஆர்.ஓ. தண்ணிதான... இந்தப் பிள்ளதான தினமும் கொண்டு வரும்..."ன்னு என்னையப் பாத்தா. நானும் அவளப் பாத்தேன். "நான் தண்ணிதான் மிஸ் கொண்டு வந்தேன். உங்க வெட்டிவேர் ஆறு மாசமா அழுகிக் கிடந்துச்சே, பானைய என்னைக்காச்சும் கழுவியிருக்கியளா?"ன்னேன். ஒருத்தர் கை தட்டுனாரு. அப்புறம் எல்லாரும் தட்டுனாவ. எனக்குத்தான்டி தட்டுனாவ. கிளாஸுக்கு முன்னால நின்னு குடிச்சவளுக்கு இல்ல, எனக்கு.

அந்த ரிப்போர்ட்டு வந்த பிறகுதான் நாலு பேருக்கும் சரியான மாத்திர கொடுத்தாவ, கேட்டியா? முத்துக்கனி தேறுனதே என்னாலதான். உலகநாயகி அவ வீட்டுக்கும் போயிருக்கா. அவ அம்மை கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாளாம், மன்னிப்புக் கேட்டாளாம். நடிப்பு.

போன வாரம் நான் ரிப்போர்ட்ட எடுத்துட்டு முத்துக்கனி வீட்டுக்குப் போனேன். "பாருட்டி, உனக்காகப் பழி வாங்கிட்டேன்"னேன். ரெண்டு தடவ படிச்சா. "பானைத் தண்ணியில மட்டுமா?"ன்னு கேட்டா. "ஆமா, டேங்க்ல இல்ல, ஆர்.ஓ.வுல இல்ல, பானையிலதான்"ன்னேன். ரிப்போர்ட்ட மடிச்சு என் கையில கொடுத்தா. அப்புறம், "நீ எங்க பிடிச்சே?"ன்னா. அவகிட்ட நான் எதையும் மறைச்சதில்ல. செம்பருத்திப் பைப்பச் சொன்னேன். மிஸ் "சில்லுன்னு இருக்கு"ன்னு சொன்னதையும் நடிச்சுக் காட்டுனேன். சிரிப்பான்னுதான் சொன்னேன். சிரிக்கல. "தூக்கம் வருது, நீ போ"ன்னா. அந்த மாத்திர தின்னா அசதியா இருக்கும்லா.

என்ன? என்ன அப்படிப் பாக்கே?

இல்ல, சொல்லு. மனசுல வச்சுக்கிட்டுப் பாக்காத, எனக்குப் பிடிக்காது. ஆமா, நான்தான் ஊத்துனேன். இல்லன்னு சொன்னேனா? உலகநாயகி குடிக்கட்டும்னு ஊத்துனேன். டம்ளர்ல மொண்டு முத்துக்கனிக்குக் கொடுத்தது யாரு? நானா கொடுத்தேன்? மிஸ் கொடுத்தா! பத்துக்குப் பத்து எடுன்னு நானா சொன்னேன்? ஒரு நாளாச்சும் ஒம்பதரை எடுத்திருந்தா... ஏட்டி, ஒம்பது பி, உனக்கு ஒன்னும் தெரியாது. காம்பஸ வச்சுக் குத்துற கழுதைக்கு எதுக்கு இந்தக் கேள்வியெல்லாம்?

இரு, கதவு திறக்கு.

முத்துக்கனி! ஏட்டி, கையெழுத்துப் போட்டியா? அத்தே, போட்டாளா? போட்டுட்டாளா! நான் சொன்னேன்லா, போடுவான்னு சொன்னேன்லா! நாளைக்கு வந்துரு. பெஞ்சுல உன் எடத்துல ஒருத்தியையும் உக்கார விடல நான், பை வச்சு மறிச்சு வச்சிருக்கேன்...

என்னது?

பி செக்சனா? எதுக்கு பி? யாரு மாத்துனா? உலகநாயகியா? அவளுக்கு இன்னுமா திமிரு அடங்கல? எச்.எம்.மா? பேரச் சொல்லுட்டி, யாருன்னு மட்டும் சொல்லு, மத்தத நான் பாத்துக்கிடுதேன். அத்தே, நீங்களாச்சும் சொல்லுங்க. என்ன?

இவளே கேட்டாளா?

ஏட்டி. முத்துக்கனி. இங்க பாரு. நில்லு. நில்லுங்கேன்லா...

போறா பாரு. திரும்பிக்கூடப் பாக்கல. பாரேன், எவ்ளோ வேகமா நடக்கா. உடம்பு நல்லா தேறிட்டு.

மேடம் கூப்பிடுதாவ. என்னையத்தான் கூப்பிடுதாவ. நீ போ. இல்ல, நீ மொதல்ல போ, நான் அப்புறம் வாரேன்னு சொல்லு. ஒன்னுமில்ல. வயித்துல என்னமோ பிடிச்சு முறுக்குது. கைய எடு, தொடாத. எனக்கு எப்படி வலிக்கும்? நான் அந்தப் பானையில ஒரு மொடக்கு குடிச்சதில்லையே.